115 பிள்ளைகளின் கணக்கு

நண்பர்களே, வணக்கம்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்னது. அது எல்லோருக்கும் தெரிந்த தீர்ப்பு. அதற்கு 14 ஆண்டு கழித்து வந்த இன்னொன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். என்னைக் கேட்டால், தென்மாநிலப் பள்ளிகளின் கதவை உண்மையில் திறந்தது இதுதான்.

வர்ஜீனியாவில், ரிச்மண்ட் நகருக்குக் கிழக்கே நியூ கென்ட் என்றொரு கிராமப்புறக் கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. மொத்தமே இரண்டு பள்ளிகள். கிழக்கே இருந்த நியூ கென்ட் பள்ளி வெள்ளையருக்கு, மேற்கே இருந்த ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி கறுப்பருக்கு. சுமார் 1,300 மாணவர்களில் 740 பேர் கறுப்பினப் பிள்ளைகள். குடியிருப்பில் பிரிவினை இல்லை. இரு சாராரும் கவுண்டி முழுக்கக் கலந்துதான் வாழ்ந்தார்கள். ஆனாலும் வாட்கின்ஸுக்கு 11 பேருந்து, நியூ கென்டுக்கு 10 பேருந்து என்று ஒரே சாலைகளில் மாறி மாறி ஓடின. எரிபொருள் செலவைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை இல்லை போலும்!

நிறப் பிரிவினையைத் தொடர்ந்தால் மத்திய அரசின் நிதி நின்றுவிடும் என்ற நிலை வந்தது. 1965 ஆகஸ்டில் கல்வி வாரியம் ஒரு திட்டம் போட்டது: எந்தப் பள்ளி வேண்டுமோ அதில் சேர்ந்துகொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, நடந்தது என்ன? நியூ கென்ட் பள்ளியில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் 1965-இல் 35 பேர், 1966-இல் 111, 1967-இல் 115. வாட்கின்ஸில் சேர்ந்த வெள்ளைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு 85 கறுப்பினப் பிள்ளைகள் பழைய இடத்திலேயே இருந்தார்கள்.

பிரித்து வைத்தது வாரியம்; அதைச் சரிசெய்யும் பாரமோ பெற்றோர் தலையில். வெள்ளையரிடம் கூலிக்குப் போகும் ஒரு தகப்பன், பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்த்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்ச மாட்டாரா? இதையா சுதந்திரத் தேர்வு என்பது?

கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தை அங்கே நடத்திவந்த கால்வின் கிரீன், தம் மகன் பெயரில் வழக்குப் போட்டார். 1968 மே 27 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் ஒருமனதான தீர்ப்பை எழுதினார். தடையை நீக்கிவிட்டோம் என்று வாரியம் கைகழுவ முடியாது. பலன் தரும் திட்டத்தை, அதுவும் இப்போதே, வாரியமே கொண்டுவர வேண்டும் என்றது நீதிமன்றம். அதாவது, கொள்கையைப் பேசாதே, வருகைப் பதிவேட்டைக் காட்டு!

அப்புறம் வாட்கின்ஸ் எல்லாப் பிள்ளைகளுக்குமான தொடக்கப் பள்ளி ஆனது, நியூ கென்ட் உயர்நிலைப் பள்ளி ஆனது. இரண்டே பள்ளிகளைத் தொடக்கம், உயர்நிலை என்று பிரித்துக்கொள்ள, உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.