வீரனை வாழவைப்பது தெருக்கூத்தே!

நடுவர் அவர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம். நாட்டுப்புற நாயகர்களை இன்றும் வாழவைப்பது வெள்ளித்திரையா, தெருக்கூத்தா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் நாலு படம் சொன்னார்: 1956 மதுரை வீரன், 1958 காத்தவராயன், 1959 வீரபாண்டிய கட்டபொம்மன், 1960 ராஜா தேசிங்கு. "சினிமா எடுக்காவிட்டால் இவர்களை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணே, வருஷக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். செஞ்சி தேசிங்கு ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்டது 1714இல். தமிழில் முதல் பேசும்படம் வந்ததே 1931இல்தான். நடுவில் 217 வருஷம் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தது யார்? புரொஜெக்டரா? அவன் பந்தேல்கண்டு ராஜபுத்திரன். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை. அவனை நம்ம ஊர்ப் பிள்ளையாக்கியது கதைப்பாட்டுக்காரர்களும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் கூத்தும்தான். சிங்கவரம் மலையில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டானாம். சாமி வேண்டாமென்றும் கேளாமல் கிளம்ப, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றைக்கும் அந்தத் திரும்பிய முகத்தைக் காட்டித்தான் ஊர்க்காரர்கள் கதை சொல்வார்கள். கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்த தோழன் மோவுத்துக்காரன், முஸ்லிம். அவனுக்கு நீலாம்பூண்டியில் சமாதி உண்டென்பார்கள். கதை அந்தந்த ஊரில் கால் ஊன்றி நிற்கிறது, நடுவர் அவர்களே!

மதுரை வீரன் எல்லையில் நிற்கிற சாமி. படம் பார்த்துவிட்டா அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறார்கள்? (பக்கத்துப் புதுச்சேரியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.)

கர்ணனுக்கு வருகிறேன். 1964 படத்தில் அவன் மனைவி பெயர் சுபாங்கி. கூத்தில் அவள் பொன்னுருவி, தேரோட்டி மகனென்று புருஷனைக் குலம் சொல்லி ஒதுக்குகிறவள். கர்ண மோட்சம் என்ற கூத்தில், சாகப் போகும் நாளில் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் ஏசுகிறாள், இவன் பதில் சொல்கிறான். நான் குந்தி மகன் என்ற பிறகுதான் அவள் கலங்கிப்போகிறாள். கூத்தை நடத்தும் நல்ல வாத்தியார் இந்தத் தர்க்கத்தைச் சீக்கிரம் முடிக்கவே மாட்டார். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்த ஏச்சைத் தெருவில் வாங்கியவர்கள். படத்தில் அந்தப் பொன்னுருவியைக் காணோமே, ஏன்?

அந்தக் கர்ணனை உண்டாக்குவதும் லேசான வேலை இல்லை. கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் கடைந்தவை. கனமில்லாத மரம் என்பதால்தான் அது. வேறு மரத்தில் செய்தால் நடுச்சாமத்துக்குள் கழுத்து போய்விடும். நிழலில் உலர்த்தாமல் அவசரப்பட்டால் மரம் வெடிக்கும், ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஆட்டத்தில் உதிரும். கயிற்றைத் தளர்த்திக் கட்டினால் சுற்றி ஆடும்போது புஜக்கட்டை முதுகுக்குப் போய்விடும். இறுக்கினால் மூச்சு பிடிக்காது, பாடுகிற விருத்தம் பாதியில் அறும். மைக் சரியில்லை என்று அந்த நேரத்தில் சொல்ல முடியாது!

"கூத்துக்கு இளைஞர்கள் வருவதில்லை" என்றார் எதிரணி அம்மா. சித்திரைப் பௌர்ணமிக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்துக்கு வாருங்கள் அம்மா. திருநங்கையர் ஊர் ஊராக வந்து, பாரதப் போருக்குப் பலியான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையோடு திரும்புகிறார்கள். எந்தப் படமும் இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்க்கவில்லை.

கடைசியாகப் படுகளம். நம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதப் போரின் பதினெட்டாம் நாள் காட்சி அது. துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கடலோர ஊர் மணல் நிற்காது. ஏரி வண்டலை வண்டியில் கொண்டுவந்து மிதித்துப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் மார்பு சரிந்து தட்டையாகிவிடும். குறைந்தால் உச்சிவெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் கூத்து நடக்கும் வரை ஒருவர் தெளித்துக்கொண்டே இருப்பார். தொடையில் சிவப்பு நீர் நிரப்பிய கலயத்தைப் புதைப்பார்கள். ஆழமாகப் புதைத்துவிட்டால் பீமன் எத்தனை அடித்தாலும் உடையாது, ஊரே சிரித்துவிடும். மேலே நாலு விரல் மண்தான் மூட வேண்டும். கலயம் உடைந்து, திரௌபதி கூந்தல் முடிந்த பிறகுதான் சாயங்காலம் தீமிதி.

படுகளம் முடிந்ததும் சனம் பாய்ந்து துரியோதனன் மேலிருந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளும். நெல் குதிருக்கு ஒரு பிடி, வயலுக்கு ஒரு பிடி. எதிரணியில் அடுத்துப் பேச வரும் அண்ணனை ஒன்றே ஒன்று கேட்கிறேன்: படம் முடிந்து தியேட்டரை விட்டு வரும்போது, கிழித்த டிக்கெட்டைத் தவிர, கையில் என்ன கொண்டுவந்தீர்கள்?