கடையில் கிடைக்காத டேப்

நேயர்களுக்கு வணக்கம். போல்ட்டைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அந்த போல்ட் ஏறும் ஓட்டைக்குள் மரை எப்படி வந்தது என்று யோசித்தவர்கள் குறைவு. அதை வெட்டும் கருவிக்குப் பட்டறையில் டேப் என்று பெயர். நீளவாக்கில் மூன்று நான்கு பள்ளம் ஓடும் ஒரு கெட்டியான திருகு, அவ்வளவுதான்.

இதை வீட்டில் செய்ய வேண்டுமா என்று கேட்டால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எம் 6, எம் 8 போன்ற வழக்கமான அளவுகள் எல்லாம் கோயமுத்தூரில் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். நாம் உட்கார்ந்து செய்வது அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கும் டேப்புகளும் உண்டு. எனக்கு அப்படி ஒன்று வந்து வாய்த்தது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய லேத்தை, அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தை, வாங்கிப் போட்டேன். வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றும், அப்புறம்தான் டூல் நகரும். திருகு நன்றாகத்தான் இருந்தது, உள்ளே இருந்த கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) நட் தேய்ந்துபோயிருந்தது. கழற்றி அளந்தால் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 10 மரை, ஆக்மி வகை. அதாவது இரு பக்கங்களுக்கும் நடுவே 29 டிகிரி விரிந்து, உச்சி தட்டையாக இருக்கும் மரை. 5/8 ஆக்மிக்கு வழக்கம் 8 மரைதான், இது அதிலும் சேராது. போதாக்குறைக்கு இடதுகை மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் ஏறும். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் டூல் முன்னே போகவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கடையில் கேட்டபோது, எனக்கு மரை கழன்றுவிட்டதோ என்பது போலப் பார்த்தார்கள்.

ஒரு நட்டுக்காக டேப் எதற்கு, லேத்திலேயே உள்மரை வெட்டலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். 13 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் போகும் டூல் பென்சில் தடிமன்தான் இருக்கும். அது வளையும், அதிரும், உள்ளே நடப்பது கண்ணுக்கும் தெரியாது. டேப் செய்யும்போது வெட்டுவது எல்லாமே வெளியே, கண்ணெதிரே.

இன்னொரு சிக்கல், வைத்தியம் செய்ய வேண்டிய நோயாளியும் இதே லேத்தான். கிராஸ் ஸ்லைடைக் கழற்றிவிட்டால் அது வெறும் இரும்புக் கட்டை. அதனால் அளவெடுத்த திருகைத் திரும்ப மாட்டி, டேப்பையும் நட்டுக்கான கட்டையையும் அந்த ஆட்டத்தோடேயே செய்து முடித்தேன். டூலை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் ஆட்டம் அளவைக் கெடுக்காது.

எடுத்தது 18 மில்லிமீட்டர் சில்வர் ஸ்டீல் கம்பி, சூடேற்றிக் குளிர்வித்தால் கெட்டியாகும் எஃகு. திருகு 15.9 மில்லிமீட்டர், அதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக 16.4க்குக் கடைந்தேன். திருகு மரையின் உச்சி நட்டில் உரசக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கூடுதல். இடதுகை மரை என்பதால் கம்பியைப் பிடித்திருக்கும் சக் பக்கம் ஒரு பள்ளம் போட்டு, அங்கே டூலை இறக்கி, வெளியே வரும் திசையில் வெட்ட வேண்டும். டூல் முனையைச் சாணை பிடித்து 0.8 மில்லிமீட்டர் தட்டையாக விட்டேன்.

இந்த வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மரை வெட்டியபின் முன்பக்கம் இரண்டு அங்குல நீளத்துக்குச் சரிவாகக் கடைய வேண்டும். இரண்டு அங்குலத்தில் 20 மரை. மூன்று பள்ளம் போட்டால் 60 பற்கள். ஓட்டை 13.3, டேப் 16.4, ஆக ஒரு பக்கம் வெட்ட வேண்டிய ஆழம் 1.55 மில்லிமீட்டர். அறுபது பேர் பங்குபோட்டால் ஒரு பல்லுக்கு 0.026, தலைமுடிப் பருமனில் பாதிகூட இராது. சரிவைக் குட்டையாக வைத்தால் பத்துப் பல் தலையில் மொத்த பாரமும் விழும், டேப் முறியும்.

மில்லிங் மெஷின் இல்லாததால் பள்ளங்களை ஹாக்சாவாலும் உருண்டை அரத்தாலும் போட்டேன், பள்ளத்துக்கு ஒரு சாயங்காலம். பிறகு ஒவ்வொரு பல்லின் உச்சியிலும் மார்க்கர் மையைத் தடவி, வெட்டும் விளிம்பில் மயிரிழை மை மட்டும் மிஞ்சும்படி பின்பக்கத்தை அராவினேன். இந்த அராவல் இல்லையென்றால் டேப் வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும்.

சூடேற்றுவதை இருட்டும் நேரத்தில் செய்ய வேண்டும், வெயிலில் நிறம் ஏமாற்றும். மரை கருகாமல் இருக்கத் துணி சோப்பை அப்பி, கரி அடுப்பில் வைத்து ஊதினேன். செர்ரிப் பழச் சிவப்பு வந்ததும் காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்து, நேர் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கினேன். சாய்த்து இறக்கினால் வளைந்துவிடும்.

முதல் டேப்பை இந்த நிலையிலேயே ஓட்டைக்குள் விட்டேன். அவசரம்தான், வேறென்ன. முக்கால் சுற்றில் டிக் என்று ஒரு சத்தம். கண்ணாடி மாதிரி முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. ஒரு வார வேலையும் ஒரு கன்மெட்டல் கட்டையும் போயின.

நொறுங்கும் தன்மையைக் குறைக்க மிதமாக மறுபடி சூடேற்ற வேண்டும். இரண்டாவதைச் செய்தபோது, நிறம் தெரிவதற்காக ஓர் இடத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, அடுப்பில் பழைய தோசைக்கல்லை வைத்து மணல் பரப்பி அதன்மேல் உருட்டினேன். கிட்டத்தட்ட 230 டிகிரியில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும். அது பழுப்பாகி ஊதாவுக்குப் போகும் முன்பே எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஊதா வந்துவிட்டால் முனை மழுங்கிப்போகும். அந்தக் கல்லில் வீட்டில் இப்போது யாரும் தோசை சுடுவதில்லை.

ஒரு காலத்தில் எல்லாப் பட்டறைகளும் இப்படித்தான் இருந்தன. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த், மரையின் கோணம் 55 டிகிரி, இந்த விட்டத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பொதுக்கணக்கை முன்வைத்தார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை வேறு மரை, அவரவருக்கு அவரவர் டேப். ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறுவது அதிர்ஷ்டம்.

என் இரண்டாவது டேப் ஏறியது. இடப்பக்கம் அரைச் சுற்று, கொஞ்சம் பின்னே, மறுபடி அரைச் சுற்று. தங்க நிறத்தில் தூள் தூளாக உதிர்ந்தது. நாற்பது நிமிடத்தில் மறுபக்கம் தலைகாட்டியது. இப்போது கைப்பிடியைத் தொட்டாலே டூல் நகர்கிறது.

பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் ஒருவரிடமும் இதே லேத், இதே ஆட்டம். டேப்பை இரண்டு நாள் இரவல் கேட்டு வந்தார். கட்டையைக் கொண்டுவாருங்கள், நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டேப் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வணக்கம்.