இரண்டாவது கட்டில்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல பேய்க்கதை காதுக்காக எழுதப்படுவது. ஆங்கில எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் கால இரவுகளில் நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒரே ஒரு மெழுகுவத்தியை விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்துவிட்டுப் படித்துக் காட்டிய கதைகள், 1904இல் நூலாக வந்தன. இன்றும் வாசிக்கிறார்கள். ஏன் பழசாகவில்லை?

இயற்கையான விளக்கத்துக்கு ஒரு சந்து விட்டுவையுங்கள், ஆனால் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன முறை. அந்த நூலில் உள்ள விசில் கதையைப் பாருங்கள். பேராசிரியர் பார்க்கின்ஸ் கடற்கரை விடுதியில் தங்குகிறார். அறையில் இரண்டு கட்டில், ஒன்று காலி. பழைய இடிபாட்டில் கிடைத்த வெண்கல விசிலை ஊதுகிறார். காற்று கிளம்புகிறது. கடலோரத்தில் காற்று அடிப்பது வழக்கம்தானே? இரவில் அவர் கட்டிலருகே தரையில் சலசலப்பு. எலியாக இருக்கும். மறுநாள் வேலைக்காரப் பெண், கூடுதல் போர்வையை எந்தக் கட்டிலில் போடட்டும் என்கிறாள். காலையில் இரண்டையுமே சரிசெய்ய வேண்டியிருந்ததாம். அவரோ இன்னொன்றில் படுக்கவே இல்லை.

இந்த இடத்தை அவசரமில்லாமல் படித்துப் பாருங்கள். பேய் என்ற சொல்லே இல்லை. படுக்கை விரிக்கிற பெண்ணின் சாதாரணக் கேள்விதான். ஆனால் எலி என்ற விளக்கம் இனி செல்லாது. சந்து பாதி அடைபட்டுவிட்டது. அன்றிரவு அந்தக் கட்டிலில் ஒன்று எழுந்து உட்காரும்போது கேட்பவர் நம்பத் தயாராகிவிடுகிறார். அதற்குக் கண் தெரியாது. கைகளை நீட்டித் துழாவுகிறது. முகம் கசங்கிய துணி. வருணனை அவ்வளவுதான்.

பல கதைகள் கெடுவது இங்கேதான். முதல் பக்கத்திலேயே பேயைக் காட்டிவிட்டால் அப்புறம் ஏறுவதற்குப் படி இருக்காது. இன்னார் ஆவி, இன்ன காரணத்தால் வந்தது என்று முடிவில் விளக்கினால் பயம் துப்பறியும் கதையாகச் சுருங்கிவிடும். விசிலை ஊதியதும் வந்தது யார் என்று ஜேம்ஸ் சொல்லவே இல்லை. ரத்தமும் இல்லை. மிஞ்சியது வெறும் படுக்கை விரிப்பு. நம் வீட்டிலும் இருக்கிறதே, அதே துணி!

பார்க்கின்ஸ் உயிர் பிழைக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு கதவில் தொங்கும் வெள்ளை அங்கியைப் பார்த்தாலே கலங்கிப்போகிறார்; குளிர்கால மாலையில் வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்துத் தூக்கமில்லாமல் கழித்த இரவுகளும் உண்டு.