மலை வேட்டைக்கு எத்தனை கிலோ ரைஃபிள்?

[திரையில்: ஐடஹோ மாநில வரைபடம். நடுவில் பச்சை வண்ணமிட்ட பெரிய பகுதி.]

ஐடஹோ மாநிலத்தின் நடுவே சுமார் 9,500 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது ஃபிராங்க் சர்ச் வனப்பகுதி. 1980-இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டமியற்றிப் பாதுகாத்த காடு. உள்ளே சாலை கிடையாது. பழைய விமான ஓடுதளங்கள் சிலவும் சால்மன் ஆற்றில் ஓடும் படகுகளும் விதிவிலக்கு. மற்றபடி மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை, சைக்கிளுக்கும் இல்லை, இறைச்சி ஏற்றித் தள்ளும் சிறு கைவண்டிக்கும் இல்லை. குதிரையோ கோவேறு கழுதையோ வைத்திருப்பவர் பாரத்தை அதன்மேல் ஏற்றலாம். மற்றவர்கள் எல்லாவற்றையும் முதுகில் சுமக்க வேண்டும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது. எனவே இன்று பேசப்போவது முழுக்க அமெரிக்காவின் மேற்கு மலைகளைப் பற்றி. அங்கே இலையுதிர்காலத்தில் உரிமம் வாங்கி எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஓயாமல் விவாதிக்கும் ஒரு கேள்வி உண்டு: ரைஃபிள் எவ்வளவு எடை இருக்க வேண்டும்?

நாள் முழுக்கச் செங்குத்தான சரிவில் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு கிராமும் உறுத்தும். ஆகவே இலேசானதை வாங்கு என்பார்கள். பாதி சரியான அறிவுரைதான். மீதிப் பாதியைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

[திரையில்: தராசில் ஒரு ரைஃபிள். பாகங்கள் ஒவ்வொன்றாகச் சேர, எண் ஏறுகிறது.]

முதலில் விற்பனைப் பட்டியலில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். அது வெறும் துப்பாக்கியின் எடை. கிம்பர் நிறுவனத்தின் மவுன்டன் அசென்ட் என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: 4 பவுண்டு 13 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 2.2 கிலோ. இதன்மேல் 360 கிராமில் ஒரு சாதாரண ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பொருத்தும் வளையங்கள் 100 கிராம், தோள்வார் 120 கிராம், ஐந்து தோட்டா 125 கிராம். ஆக, மலையேறும்போது கையில் இருப்பது 2.9 கிலோ. தொலைதூர இலக்குப் போட்டிகளில் பயன்படுத்தும் பெரிய ஸ்கோப்பைப் பொருத்தினால் அது மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். மொத்தம் மூன்றரைக்குப் போய்விடும். பணத்தைக் கொட்டி டைட்டானியத்தில் மிச்சம் பிடித்ததைக் கண்ணாடியில் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய வீண்செலவு இந்தத் துறையில் இல்லை என்பேன்.

இனி இந்த வீடியோவில் எடை என்று சொன்னால், சுடுவதற்குத் தயாராக இருக்கும் நிலையில் உள்ள முழு எடை.

[திரையில்: இரண்டு ரைஃபிள்கள், 4 கிலோ, 3 கிலோ. ஒரே தோட்டா.]

இப்போது பின்னுதைப்புக்கு வருவோம். குண்டு முன்னால் போக, துப்பாக்கி பின்னால் வருகிறது. உந்தம் இரண்டு பக்கமும் சமம். குண்டோடு எரிந்த வெடிமருந்தின் வாயுவும் வெளியேறுகிறது. அது குண்டைவிட வேகமாகப் பாய்வதால் அதன் பங்கும் பெரிது. தோட்டா மாறாதவரை துப்பாக்கிக்குக் கிடைக்கும் உந்தமும் மாறாது. துப்பாக்கி இலேசானால் அதே உந்தத்தை அதிக வேகத்தில் தோளில் இறக்கும்.

1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுவான தோட்டா எல்க் வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 4 கிலோ துப்பாக்கியில் இதன் பின்னுதைப்பு 36 ஜூல் அளவில் இருக்கும். அதே தோட்டாவை 3 கிலோ துப்பாக்கியில் போட்டால் 48 ஜூல். கால் பங்கு எடை குறைந்தது, உதை மூன்றில் ஒரு பங்கு கூடியது. 2007-இல் வெளிவந்த 6.5 கிரீட்மோர் தோட்டாவையோ அதே 3 கிலோ துப்பாக்கியில் சுட்டால் 20 ஜூல்தான்.

அதனால்தான் எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தோட்டாவைத் தீர்மானியுங்கள் என்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை கிலோ?" என்று கேட்பது தலைகீழான வரிசை.

48 ஜூலைத் தோள் தாங்கிக்கொள்ளும். எலும்பு ஒன்றும் முறியாது. சிக்கல் மூளையில். இரண்டு முறை உதை வாங்கிய உடம்பு மூன்றாம் முறை விசையை (ட்ரிக்கரை) இழுக்கும்போதே முந்திக்கொண்டு சுருங்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் முனை விலகும். இன்னொரு ஆபத்து ஸ்கோப். அதற்கும் கண்ணுக்கும் இடையில் ஒன்பது சென்டிமீட்டர் அளவே இடைவெளி. சரிவில் படுத்துக்கொண்டு மேல்நோக்கிச் சுடும்போது அந்த இடைவெளியும் குறையும். புருவத்தின் மேல் பிறை வடிவில் தழும்புடன் இருக்கும் வேட்டைக்காரரிடம் அது எப்படி வந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை.

[திரையில்: இலக்கின் மேல் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு ஆடுகிறது.]

உதையைவிட முக்கியமானது நிலைப்பு. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரின் நெஞ்சுத் துடிப்பு அப்படியே குழல் முனைக்குப் போகிறது. கனமான குழல் அசைய மறுக்கும். இலேசான குழல் ஒவ்வொரு துடிப்புக்கும் தலையாட்டும். விசையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒன்றரைக் கிலோ விசையழுத்தம் வேண்டும் என்றால், 2.5 கிலோ துப்பாக்கியில் அந்த இழுப்பே குறியைக் கலைக்கப் போதும். இலேசான ரைஃபிள் வாங்குகிறவர் விசையையும் மென்மையாக்கிக்கொள்வது நல்லது, பாதுகாப்பு எல்லைக்குள்.

ஆகவே எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் கேள்வி. 1980-களில் மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் தன் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் துப்பாக்கிகளில் இதற்கு நல்ல விடை சொன்னார். தோளில் அணைக்கும் பின்கட்டையைக் கெவ்லார், கிராஃபைட் இழைகளால் செய்து ஒரு பவுண்டு அளவுக்குக் கொண்டுவந்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இயக்கப் பகுதியைத் தோட்டாவின் நீளத்துக்கு ஏற்பச் சிறிதாக்கினார். எஃகைத் துளை போட்டுக் குடைந்து எடை குறைக்கும் வித்தையில் அவர் இறங்கவில்லை. நானும் அந்தக் கட்சி. முதலில் ஸ்கோப்பில் குறையுங்கள், அடுத்து கட்டையில். குழலில் கை வைப்பதைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள். முனையில் கொஞ்சம் கனம் இருக்கும் துப்பாக்கிதான் களைத்த கைகளில் அடங்கி நிற்கும்.

சரி, எண்கள். 6.5 கிரீட்மோர், .308, .270 போன்ற மிதமான தோட்டாக்களுக்கு முழு எடை 3.2 முதல் 3.6 கிலோ. மேக்னம்தான் வேண்டும் என்றால் 3.9 முதல் 4.2. மூன்று கிலோவுக்குக் கீழே போவது பெருங்கொம்பு ஆட்டைத் தேடிப் பாறை பாறையாக ஏறுகிறவர்களுக்கு. அவர்களும் அடிக்கடி சுட்டுப் பழகினால்தான். நாலரைக் கிலோவுக்கு மேல் போனால், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அதிக தூரம் போகாதவர்களுக்குச் சரி.

குழல் முனையில் பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் உதையை நன்றாகவே குறைக்கும், ஆனால் வெடிச்சத்தத்தைச் சுடுகிறவர் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் திருப்பிவிடும். காதடைப்பான் இல்லாமல் அதைச் சுடுவது முட்டாள்தனம். ஒலிகுறைப்பான் மேலான வழி. அதற்கு அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், முந்நூறு நானூறு கிராம் கூடும், நீளமும் கூடும். குழலைக் குட்டையாக எடுத்தால் அதை ஈடுகட்டலாம்.

[திரையில்: சுடுதளம். இருநூறு மீட்டரில் ஒரு வட்டத் தகடு.]

வாங்குவதற்கு முன் நண்பரிடம் இரவல் கேட்டாவது சோதித்துப் பாருங்கள். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான். முதுகுப்பையைச் சுமந்து ஒரு மேட்டில் வேகமாக ஏறி இறங்குங்கள். மூச்சு அடங்கும் முன் உட்கார்ந்து, ஊன்றுகோலில் துப்பாக்கியைத் தாங்கி, 200 மீட்டரில் 25 சென்டிமீட்டர் தகட்டை மூன்று முறை சுடுங்கள். மியூல் மானின் நெஞ்சுப் பகுதி அந்த அளவுதான். மூன்றும் பட்டால் அந்த எடை உங்களுக்குப் பொருந்தும். ஒன்று தவறினாலும் அடுத்த கனமான துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள், அல்லது சிறிய தோட்டாவுக்கு இறங்குங்கள்.

ஏற்கெனவே நாலு கிலோ ரைஃபிள் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க அவசரப்பட வேண்டாம். ஸ்கோப்பை மட்டும் மாற்றினாலே அரைக்கிலோ இறங்கலாம். மிச்சப் பணத்தைத் தோட்டாக்களுக்குச் செலவழித்துக் கோடை முழுக்கப் பழகுங்கள். எல்க் விழுந்துவிட்டால் எலும்பு நீக்கிய இறைச்சியே தொண்ணூறு கிலோவைத் தொடும். நாலைந்து நடை இறக்க வேண்டியிருக்கும். அப்போது துப்பாக்கியில் மிச்சம் பிடித்த முந்நூறு கிராம் யாருக்கும் நினைவிருக்காது.