கூச்சல் போடுங்கள், பழைய கோலை அழிக்காதீர்கள்

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று பேச வந்திருப்பது ஐஸ் ஹாக்கி ரசிகர் யாராக இருந்தாலும் வயிறு எரியும் விஷயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் ஜெர்சியில் ஆடியவர், நம் கேப்டனாகவே கூட இருந்தவர், ஜூலை 1ஆம் தேதி மதியம் ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கான சந்தை திறந்ததும் போயும் போயும் அந்த அணியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எந்த அணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு பெயர் இருக்கும். என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் மொத்தம் 32 அணி. நம்மையும் அவர்களையும் விட்டால் இன்னும் 30 இருக்கிறதே, அதில் எங்காவது போயிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றும். வீட்டு மூத்த பிள்ளை சண்டைக்கார எதிர்வீட்டில் போய்க் குடியேறிய மாதிரி இருக்கும்.

செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். முதலில், "துரோகி". அடுத்த நிமிஷமே, "அவருக்கு வயசாகிவிட்டது, கால் ஓடவில்லை, போனால் போகட்டும்". அப்படிக் கால் ஓடாதவர் எதிரணிக்குப் போனால் நமக்கு நல்லதுதானே, எதற்கு இவ்வளவு கோபம்? இதையெல்லாம் கூட விட்டுவிடலாம், வலியில் வரும் பேச்சு. அதற்கப்புறம் மூன்றாவதாக ஒன்று வரும்: "அவர் எப்போதுமே அப்படி ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை." நான் இங்கே வந்து நிற்பதே அந்த மூன்றாவது பேச்சை எதிர்க்கத்தான்.

யாரோமிர் யாகரை எடுத்துக்கொள்வோம். 1990இல் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸ் அணி டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஐந்தாவதாக எடுத்த பையன். 1991, 1992 இரண்டு வருஷமும் ஸ்டேன்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது 1999. அப்போது அணி திவால் நீதிமன்றத்தில் நிற்கிறது, அந்த ஊரில் அணி இருக்குமா என்பதே கேள்வி. லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப், அதன் முதல் சுற்று, நியூ ஜெர்சி டெவில்ஸுடன் ஆறாவது ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. தொடையிடுக்கில் காயத்தோடு ஆடிய யாகர் கடைசி நிமிஷங்களில் கோல் போட்டுச் சமன் செய்கிறார், ஓவர்டைமில் அவரே இன்னொரு கோல் போட்டு ஆட்டத்தை முடிக்கிறார். அப்புறம் ஏழாவது ஆட்டத்தையும் அணி வென்றது. பிளேஆஃபில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ஆட்டத்தின் டிக்கெட் வருமானமும் அன்றைய நிலையில் அந்த அணிக்கு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே யாகரை 2001இல் அணி வாஷிங்டனுக்கு அனுப்பியது, சம்பளம் கட்டுப்படியாகவில்லை. பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ், பிறகு ரஷ்யாவில் மூன்று சீசன். 2011 கோடையில் திரும்பி வரப்போகிறார் என்றதும் பிட்ஸ்பர்க் ரசிகர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். பென்குயின்ஸ் சொன்ன தொகை ஒரு வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர், பேச்சு இழுத்துக்கொண்டே போனதும் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜூலை 1ஆம் தேதி அவர் 33 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டது பிலடெல்பியா ஃபிளையர்ஸில். பிட்ஸ்பர்க் ரசிகருக்கு இதைவிடக் கசப்பான பெயர் ஹாக்கியில் கிடையாது.

டிசம்பர் 29ஆம் தேதி ஃபிளையர்ஸ் சட்டையில் யாகர் பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, அவர் தொட்டபோதெல்லாம் அரங்கமே கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் ஒரு கோலும் போட்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட்டும் வைத்தார். ஃபிளையர்ஸ் 4-2 என்று ஜெயித்தது. அன்று கத்தியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். காசு கொடுத்து உள்ளே வந்தவன், எதிரணிச் சட்டையில் ஆடுகிறவரைப் பார்த்துக் கத்துவதற்கு முழு உரிமை உள்ளவன். ஆனால் அந்தச் சமயத்தில் "99இல் அவர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்" என்று பேசியிருந்தால் அவன் கிழித்துப் போடுவது யாகரின் வரலாற்றையா? அந்த ராத்திரி தொண்டை கிழியக் கத்திய தன்னுடைய ராத்திரியையே அல்லவா? 2024 பிப்ரவரி 18 அன்று அதே ஊரில் அவருடைய 68ஆம் எண் ஜெர்சியை, இனி யாருக்கும் அந்த எண்ணைத் தராத மரியாதையாக, அரங்கத்தின் மேலே ஏற்றினார்கள். 52 வயசில் யாகர் அணியோடு சேர்ந்து பனித்தளத்தில் இறங்கிப் பயிற்சி எடுத்ததைப் பார்க்க அரங்கம் நிரம்பியிருந்தது. நடுவில் போனது சுமார் பன்னிரண்டு வருஷம். அவ்வளவு காலம் காத்திருந்துதான் பழைய கோல்களை மறுபடி ரசிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்து டேனியல் ஆல்ஃப்ரெட்சன். இவர் கதை எனக்கு இன்னும் வலிக்கும். ஒட்டாவா செனட்டர்ஸ் 1994 டிராஃப்டில் 133ஆவதாக எடுத்தவர், யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 17 சீசன் ஆடினார், அதில் பெரும்பகுதி கேப்டன். 2007இல் அந்த அணியை இறுதிச் சுற்று வரைக்கும் கொண்டுபோனார். ஆட்டக் கடிகாரம் 11:11 காட்டினால் ரசிகர்கள் "ஆல்ஃபி, ஆல்ஃபி" என்று கத்துவார்கள், அவருடைய எண் 11. அப்படிப்பட்டவர் 2013 ஜூலை 5 அன்று 55 லட்சம் டாலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குப் போனார். அந்த சீசனிலிருந்துதான் டெட்ராய்ட் ஒட்டாவாவின் பிரிவுக்கே மாறி வந்தது, அதாவது வருஷத்துக்குப் பலமுறை எதிரே நிற்கப்போகும் அணி.

பணத்துக்காகப் போனார் என்றார்கள். கோப்பைக்காகப் போனார் என்றும் சொன்னார்கள், 40 வயது ஆட்டக்காரர் கோப்பையை ஆசைப்படுவது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. பணம் பற்றி அவரே பிறகு விளக்கினார். முந்தைய ஒப்பந்தத்தின் கடைசி வருஷச் சம்பளம் வெறும் 10 லட்சம் டாலர். ஒப்பந்தத்தின் வருஷச் சராசரி குறைந்தால் அணிக்கு உள்ள சம்பள உச்சவரம்புக்குள் இடம் கிடைக்கும் என்பதற்காகச் சேர்த்த வருஷம் அது. அந்த விலைக்கே அவர் அந்த சீசனை ஆடினார். அடுத்த ஒப்பந்தத்தில் தனக்கு நியாயமாக வரும் என்று நம்பினார், வரவில்லை.

டிசம்பர் 1ஆம் தேதி ஒட்டாவாவுக்கு வந்தார். பழைய காட்சிகளைத் திரையில் ஓடவிட்டபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் தொடர்ந்து பக் அவர் மட்டைக்கு வந்ததும் அதே கூட்டம் கூச்சல் போட்டது. இதைப் பார்த்து "இவர்களுக்கு என்ன மனசு என்றே புரியவில்லை" என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் குழப்பமே இல்லை, ஒரு ரசிகர் கூட்டம் நடந்துகொள்ள இதைவிடச் சரியான விதம் கிடையாது. செய்ததற்குக் கைதட்டு, இன்றைய சட்டைக்குக் கூச்சல். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவில்லை அவர்கள். ஒரு வருஷம் கழித்து ஆல்ஃப்ரெட்சன் ஒருநாள் ஒப்பந்தத்தில் செனட்டர்ஸ் ஆட்டக்காரராகவே ஓய்வு பெற்றார். 2016 டிசம்பரில் 11ஆம் எண்ணும் மேலே போனது.

இதோடு நியூயார்க் ஐலண்டர்ஸ் ரசிகர்களை ஒப்பிடுங்கள். ஜான் டவாரஸ் அப்போது மூத்த ஆட்டக்காரர் இல்லை, 27 வயசுதான், ஆனாலும் கேப்டன். 2018இல் டொரன்டோ போனார். 2019 பிப்ரவரி 28 அன்று திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் பாம்புகள் வந்து விழுந்தன, ஜெர்சியை வீசினார்கள், நன்றிக் காட்சி ஓடியபோதும் கூச்சல். ஐலண்டர்ஸ் 6-1 என்று ஜெயித்தது, அந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது சீசன் தங்கள் அணிக்காக ஆடிய காட்சிகளையே கூச்சலில் மூழ்கடித்தது எனக்கு ஒப்பவில்லை.

சரி, விசுவாசம் என்று பேசுகிறோமே, அதை ஆட்டக்காரரிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்? 1957இல் டெட்ராய்ட்டில் டெட் லிண்ட்சே என்ற பெரிய ஆட்டக்காரர். வீரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னால் நின்று ஆள் சேர்த்தார். அணி அவரை சிகாகோவுக்கு டிரேட் செய்தது, ஆறே அணிகள் இருந்த காலத்தில் அது நேரடி எதிரணி. அவரை யாரும் கேட்கவில்லை. இந்தக் காலத்திலும் பாருங்கள், 2025 மார்ச்சில் பாஸ்டன் தன் கேப்டன் பிராட் மார்ஷண்டை ஒரு டிராஃப்ட் தேர்வு உரிமைக்காக ஃபுளோரிடாவுக்கு அனுப்பியது. 2023, 2024 இரண்டு வருஷமும் பிளேஆஃபில் பாஸ்டனை வெளியேற்றிய அதே ஃபுளோரிடா! ஜூனில் அவர் அங்கே கோப்பையைத் தூக்கினார், அங்கேயே ஆறு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டார். அணி நிர்வாகம் செய்தால் அதற்குப் பெயர் திட்டமிடல், ஆட்டக்காரர் செய்தால் துரோகமா?

கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2004-05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தானது, அதற்குப் பிறகு வந்ததுதான் சம்பள உச்சவரம்பு. முதல் வருஷம் ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி. இந்த எல்லைக்குள் எல்லோரையும் அடக்கியாக வேண்டும். இளம் ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தால் மூத்தவருக்கான இடம் சுருங்கும். 35 வயசு தாண்டியவருக்குப் பல வருஷ ஒப்பந்தம் கொடுத்து அவர் நடுவில் ஓய்வு பெற்றாலும், ஒப்பந்தம் அமைந்த விதத்தைப் பொறுத்து, அந்தத் தொகை அணியின் கணக்கிலேயே நிற்கலாம். அதனால்தான் வருஷா வருஷம் பேரம். அப்போது இடம் வைத்திருப்பது எதிரணியாக இருந்தால்? அவரிடம் வருஷக்கணக்காக அடி வாங்கியவர்கள் அவர்கள், எதிரே ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் எந்த மூலையில் நின்று அடிப்பார், நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் முக்கியமான ஃபேஸ்-ஆஃபை எப்படி ஜெயிப்பார் என்று நம் மேலாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எதிரணி வாங்குவது அவருக்குக் கிடைக்கும் மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

அவரை வரவேற்கும் அணியின் ரசிகர்களுக்கும் எல்லாம் இனிப்பாக இருப்பதில்லை. 1994 இறுதிச் சுற்றில் வான்கூவரைத் தோற்கடித்த ரேஞ்சர்ஸ் கேப்டன் மார்க் மெஸ்ஸியே, 1997இல் அதே வான்கூவருக்கு வந்தார். ட்ரெவர் லிண்டனிடம் இருந்த கேப்டன் பொறுப்பு அவருக்குப் போனது. இறந்துபோன வெய்ன் மாக்கியின் நினைவாக யாருக்கும் தராமல் வைத்திருந்த 11ஆம் எண்ணையும் கொடுத்தார்கள். மூன்று சீசன், ஒரு பிளேஆஃப் கூட இல்லை. வான்கூவர் ரசிகர்களின் அந்தக் கோபத்தை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அது நடந்த விஷயங்களின் மேல் வந்த கோபம்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ஜெர்சியைக் கொளுத்த வேண்டாம், அலமாரியில் மடித்து வையுங்கள், கோபம் ஆறினால் எடுத்துப் போடலாம். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வசைச் செய்தி அனுப்புவதை நம் பக்கத்து ஆள் செய்தாலும் நாமே தடுக்க வேண்டும், அதற்கும் ஹாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. கூச்சலா, அரங்கத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், நானும் போடுவேன்.

சரி, இனி கேள்விகளுக்கு வருவோம். யாகர் விஷயத்தில் பென்குயின்ஸ் நிர்வாகம் செய்ததுதான் சரி என்று நினைப்பவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் எழுந்து பேசட்டும்.