அந்தப் பையன் கேட்ட கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் பெற்றோர், பின்வரிசையில் பிள்ளைகள் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளில் பாதிப் பேரை இழுத்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை. நம் புறநகர்ப் பிள்ளைகளையும் போதையையும் பற்றிய இன்றைய பேச்சில் முக்கால்வாசி முன்வரிசைக்குத்தான்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கெட்டுப்போன ஈரல், கறுத்துப்போன நுரையீரல் என்று படங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பயமுறுத்தினேன். கடைசியில் கேள்வி இருக்கிறதா என்றதும் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்து, "கூட இருக்கிறவன் குடிச்சிட்டு மயங்கிட்டா என்ன சார் செய்யணும்?" என்றான். நான் பெரிய மனுஷன் தோரணையில், "அந்த மாதிரிக் கூட்டத்துக்கே நீ போகக் கூடாது தம்பி" என்றேன். ஆசிரியர்கள் கைதட்டினார்கள், பையன் உட்கார்ந்துவிட்டான். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை. அன்று ராத்திரிதான் உறைத்தது: எவனோ ஒருவன் மயங்கிக் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான், இல்லையென்றால் அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

பயமுறுத்தினால் பிள்ளைகள் விலகி நிற்பார்கள் என்று நாம் நம்புகிறோம். இதை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்தே பார்த்துவிட்டார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'டேர்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, காவல்துறை அதிகாரிகளே வகுப்பறைக்குப் போய்ப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. அப்புறம் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் நாளடைவில் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. அத்தனை வகுப்பு, அத்தனை உழைப்பு, அவ்வளவும் வீண்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துச் சத்தமும் சச்சரவும் வேண்டாம், பிள்ளைகள் நல்ல சூழலில் வளரட்டும் என்றுதான் எல்லாரும் புறநகரில் வந்து குடியேறுகிறோம். அந்த நினைப்பிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. சுனியா லூதர் என்று ஓர் உளவியலாளர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர், 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வசதியான புறநகர்ப் பிள்ளைகளையும் நகரத்தின் நடுவே ஏழ்மையில் வளரும் பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டிருந்தார். சிகரெட், மது, கஞ்சா, மற்றப் போதைப்பொருள்கள் எல்லாவற்றிலும் புறநகர்ப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். போதாக்குறைக்கு, புறநகர்ப் பையன்களில் போதையைத் தொடுகிறவனுக்குத்தான் கூட்டாளிகளிடம் மவுசு. 'கெட்ட சகவாசம்' என்று நாம் யாரையோ நினைத்துச் சொல்கிறோமே, அந்தச் சகவாசம் நம் பிள்ளையாகவே இருக்கலாம்.

ஏன் இப்படி? லூதர் தம் ஆய்வுகளில் முக்கியமாக இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று, எப்போதும் முதலிடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. இன்னொன்று, பெரியவர்களிடமிருந்து விலகிப்போன தனிமை. எனக்கு இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். புறநகர் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், நடுவே பயணத்திலேயே பெற்றோருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை வீட்டைத் திறந்து, கையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், நாம் திரும்பி வரும்வரை அந்த நான்கு மணி நேரமும் அவன் ராஜ்ஜியம். நடந்து போகிற தூரத்தில் விளையாட இடமில்லை, சும்மா உட்கார்ந்து பேசக்கூட இடமில்லை, எங்கே போவதானாலும் வண்டி வேண்டும். வண்டி இருக்கிற அண்ணன் ஒருவன் வந்து நின்றால் அவன் பின்னால் ஏறிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது அவன் மப்பில் இருந்தாலும் அதே வண்டியில்தான் வர வேண்டும். உயிர் போவது போதையால் மட்டும் இல்லை, இந்தத் திரும்பி வருகிற பயணத்தாலும்தான்.

தெருமுனையில் முகம் தெரியாத ஒருவன் பொட்டலத்தோடு நிற்கிறான் என்ற படம் நம் மனசில் அழியாமல் இருக்கிறது. நிற்கிறவர்களும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை கொடுப்பது அநேகமாகத் தெரிந்தவன்தான், கூடப் படிக்கிறவனோ ஒன்றுவிட்ட அண்ணனோ. வலி மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களிடம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், நண்பர்களையும் உறவினர்களையும்தான் பலரும் சொல்கிறார்கள். அதாவது யாரோ ஒருவர் வீட்டு அலமாரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் வைத்த வலி மாத்திரை, பாட்டியின் தூக்க மாத்திரை, விருந்துக்கு வாங்கி மறந்துபோன பாட்டில் எல்லாம் எங்கே இருக்கிறது என்று உங்களைவிட உங்கள் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மூளையைப் பற்றிக் கொஞ்சம். ஆசையைத் தூண்டுகிற பகுதி பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 'டேய், பொறு' என்று இழுத்துப் பிடிக்கிற முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைய 25 வயதை ஒட்டி ஆகிவிடும். அதனால்தான் எப்போது தொடங்குகிறான் என்பது பெரிய விஷயம். அமெரிக்காவில் 1997-இல் வந்த ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் என்றோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவுதான். இதில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைக்கு வீட்டிலோ மனசிலோ ஏற்கெனவே ஏதாவது அடி விழுந்திருக்கலாம், எல்லாப் பழியையும் அந்த முதல் மிடறின் மேல் போட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வருஷம் தள்ளிப் போடுவதும் லாபம்தான்.

இதைக் கேட்டுவிட்டு சில அப்பாக்கள் என்னிடம் வந்து, "வெளியே போய்த் திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு, என் கண்ணெதிரே கொஞ்சம் குடிச்சுப் பழகட்டுமே சார்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 6 வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பெற்றோரே ஊற்றிக் கொடுத்ததால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்ததாக எந்தத் தடயமும் இல்லை. வீட்டில் ஒன்று கிடைத்தவனுக்கு வெளியில் இன்னொன்று கிடைக்கும் வாய்ப்புத்தான் கூடியது.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? ஐஸ்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து போதையானவர்கள். 2016-இல் அது 5 சதவீதம். அவர்கள் படம் காட்டிப் பயமுறுத்தவில்லை. பள்ளிக்குப் பிந்தைய நேரத்தைத்தான் கையில் எடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் என்று எதிலாவது சேர அரசே பணம் கொடுத்தது. பெற்றோர்கள் கூடிப் பேசி, என் பிள்ளை இத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்காது, பெரியவர் இல்லாத விருந்தை என் வீட்டில் விடமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். பிள்ளைகளிடமே தொடர்ந்து கருத்துக் கணிப்பு எடுத்து, அந்தந்த வட்டாரத்துக்கு அதன் முடிவைச் சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள். மக்கள்தொகை குறைந்த நாடு, அதை அப்படியே பெயர்த்து வேறொரு இடத்தில் நட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட பெரிய நாடு சின்ன நாடு என்ற கணக்கு எதற்கு?

எல்லார் வீட்டிலும் ஒரே நேரக்கட்டுப்பாடு இருந்தால் "அவன் வீட்ல விடறாங்க, நீங்க மட்டும் ஏன்?" என்ற வழக்கே கோர்ட்டுக்கு வராது.

கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். கூடவே ஒரு கதவும் திறந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளையிடம் ஒரு வாக்குறுதி கொடுங்கள்: "ராத்திரி எத்தனை மணியானாலும், நீ குடிச்சிருந்தாலும் சரி, ஓட்டறவன் குடிச்சிருந்தாலும் சரி, எனக்கு போன் பண்ணு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்க மாட்டேன். மறுநாள் பேசிக்கலாம்." மறுநாள் பேசுவது முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அன்று ராத்திரி வண்டியில் வாயே திறக்கக் கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பையை நோண்டுவது, வாயை மோந்து பார்ப்பது, "எவன்டா வாங்கிக் கொடுத்தான்?" என்று காவல் நிலையம் நடத்துவது எல்லாம் இதைவிடச் சுலபம். ஒருமுறை காவல் நிலையம் நடத்திவிட்டால் அந்த போன் அப்புறம் அடிக்காது.

இப்போது பின்வரிசை. அந்தப் பையனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உங்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கூட இருக்கிறவன் மட்டையாகிவிட்டால் முதலில் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழுந்திருக்கவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே 10 நொடி ஆகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கப் படுத்தவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். மூச்சே இல்லையென்றால் போனில் இருப்பவர் சொல்லச் சொல்ல மார்பை அழுத்துங்கள். காபி கொடுக்காதீர்கள், தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்து நடக்க வைக்காதீர்கள், ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், அதை எதுவும் முடுக்கிவிடாது. "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஹெராயின் போன்ற அபின் வகையாக இருந்தால் நலாக்சோன் என்ற மருந்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் அதன் வேகம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் என்ன எடுத்தான், எவ்வளவு எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

இனி கேள்வி நேரம். பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டும், கேட்பது யார் என்று தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.