ஒரு ஷூ, மூன்று திரை

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசைத் தம்பிகள் போனைக் கையில் வைத்துக்கொள்ளலாம், இன்றைக்குத் திட்டமாட்டேன். பேச்சே அதைப் பற்றித்தான்.

நம் வேலூருக்குப் பக்கத்தில் ஆம்பூர். அங்கே ஒரு டிசைனர் டேப்லெட்டில் ஷூவின் அப்பரை, அதாவது மேல்பாகத்தை, வரைகிறார் என்று வையுங்கள். தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் பழைய ஆண்ட்ராய்டு போன். சரக்கு வாங்குகிறவர் இத்தாலியில் ஐபேடோடு உட்கார்ந்திருக்கிறார். மூவரும் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் கை வைக்க வேண்டும்.

படத்தையே அனுப்பினால், 1080-க்கு 1920 திரைக்கு, சுருக்காவிட்டால் 8 எம்.பி.க்கு மேல் ஆகும். கோட்டை மட்டும் அனுப்பலாமே! வளைகோட்டைச் சில புள்ளிகளால் குறிப்பதைப் பெஸியர் வளைவு என்பார்கள். ஒன்றுக்குப் பொதுவாக நான்கு புள்ளிகள், அதாவது எட்டு எண்கள். எண்ணுக்கு நான்கு பைட் என்றால் 32 பைட்டில் முடிந்தது. வரைந்துகொள்வது அந்தந்தக் கருவியின் பாடு.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. மொபைலில் படம் வரையும் சிப்புகளான ஜி.பி.யு.க்கள் வேகத்துக்காக 16 பிட் தசம எண்களில் கணக்குப் போடுவதுண்டு. அதில் 2048 வரை முழு எண்கள் ஒழுங்காக நிற்கும். 2049 நிற்காது, 2048 ஆகிவிடும். பெரிய வரைபடத்தின் ஓரத்தில் எண்கள் 2048-ஐத் தாண்டுவதால் தையல் கோடு படி படியாக உடைந்து தெரியும். உடனே, "சார், நெட் ஸ்லோ." நெட் பாவம், அது என்ன செய்யும்? படத்தின் மூலையிலிருந்து எண்ணாமல், திரையில் தெரியும் பகுதியிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது, சூப்பர்வைசர் ரயிலில் போகிறார், சிக்னல் இல்லை, ஆனாலும் வரைகிறார். சிக்னல் வந்ததும் அதை மற்றவர்கள் வரைந்ததோடு எப்படிச் சேர்ப்பது? எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-லேயே ஒரு வழி சொன்னார்கள்: வந்து சேரும் மாற்றத்தை, அதற்குள் நடந்துவிட்ட மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்திச் சேர். 2011-ல் ஷாப்பிரோ என்ற ஆய்வாளரின் குழுவினர் சி.ஆர்.டி.டி. என்ற பெயரில், மாற்றங்கள் எப்படி முன்பின்னாக வந்தாலும் முடிவு ஒன்றாகவே அமையும்படி தரவைக் கட்டச் சொன்னார்கள். ரயிலுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். நடுவில் ஒரு சர்வர் பஞ்சாயத்து பண்ண வேண்டியதில்லை.

ஆனால் மூன்று திரையிலும் ஒரே படம் வந்துவிட்டால் அது சரியான ஷூ ஆகிவிடுமா? டிசைனர் ஒரு பட்டையையே எடுத்துவிட்டார். ரயிலில் இருப்பவர் அதே பட்டையின் தையலை நகர்த்தியிருக்கிறார். மென்பொருள் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விழுங்கும். என் கட்சி, விழுங்கக்கூடாது. இரண்டையும் வேறு நிறத்தில் காட்டட்டும், அவர்கள் போன் போட்டுப் பேசிக்கொள்வார்கள்.

சரி, புராஜெக்ட் காட்ட வருகிறவர்கள் இரண்டு புதுப் போனோடு வராதீர்கள். ஒன்று வீட்டில் அம்மா வைத்திருக்கும் போனாக இருக்கட்டும். அதை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பத்து இருபது கோடு வரைந்துவிட்டு நெட்டை ஆன் செய்யுங்கள். அப்புறம் மார்க்கைப் பற்றிப் பேசுவோம். இப்போது, கேள்வி இருந்தால் கேளுங்கள்.